கண்டக்டருக்கு ஒரு விசில்

அன்றைக்கும் கோப்பை உடைந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று கோப்பை. கணக்கு வாத்தியாருக்கே சலிப்புத் தட்டியிருக்கும்.

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு செம்மண் பொட்டல் இருக்கிறது. ஞாயிறு காலைகளில் மோட்டார் கிளப் ஆட்கள் பழைய கார்களைக் கொண்டுவந்து அங்கேதான் பந்தயம் ஓட்டுவார்கள். கட்டிய பாதையெல்லாம் கிடையாது. டயர்களை அடுக்கி வளைவு காட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். மூன்றாவது வளைவில் மட்டும் டயர் அடுக்கின் உச்சியில் ஒரு கழிவறைக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். சூளையில் கோணிப்போய்க் கழித்த சரக்கு. இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? எந்த வண்டி டயரை இடித்தாலும் கோப்பை விழுந்து நொறுங்கும். ‘நான் தொடவே இல்லப்பா’ என்று யாரும் சாதிக்க முடியாது. அந்த வளைவுக்குப் பெயரே கோப்பை வளைவு.

மூன்று வாரமாக அதைத் தவறாமல் உடைத்துக்கொண்டிருந்தவர் தங்கராசு. ஐம்பத்து நான்கு வயது. ஸ்ரீமுஷ்ணம் போகிற தனியார் பஸ்ஸில் இருபத்தாறு வருடமாகக் கண்டக்டர். அவருடைய வெள்ளை மாருதியின் முன்பக்கம் புழுதிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து சீட்டில் ஹெல்மெட்டைக் கழற்றியபடி உட்கார்ந்திருந்தாள் கயல்விழி.

கயல்விழிக்கு முப்பத்தொன்று. பேட்டையில் ஒரு கம்பெனியில், பீங்கானுக்கு மினுக்குப் பூச்சு ஏற்றும் கிளேஸ் செக்ஷன் சூப்பர்வைசர். கிளப்பில் அவளை முந்த ஆள் இல்லை, இரண்டு வருடமாக. வண்டியில் ஏறினால் எவ்வளவு நிதானமோ, வாயைத் திறந்தால் அவ்வளவு அவசரம். அன்று காலை அந்த அவசரம் உச்சத்தில் இருந்தது.

“அண்ணே, வளைவுக்கு முன்னாடி நான் என்னா சொன்னேன்?”

“வுடுங்கன்னு சொன்னீங்க.”

“நீங்க என்னா பண்ணீங்க?”

“வுட்டேன்.”

“எங்கண்ணே வுட்டீங்க?”

“வுட்டேனேம்மா! நீங்க கத்தக் கத்த வுட்டுக்கிட்டேதான இருந்தேன். அதுக்கு மேல இந்த வண்டில என்னா இருக்குது?”

கயல்விழி அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் செய்கிற மாதிரியும் இல்லை. அந்த மனிதர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாடம் ஒப்பித்த பிள்ளை மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வயசில் பெரியவர், மேற்கொண்டு என்ன பேசுவது? இறங்கி, கதவைப் படாரென்று சாத்திவிட்டு நடந்தாள்.

புதிதாக வருகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரை கிளப்பில் கைடு என்பார்கள். நான்கு ஞாயிறு கைடோடு ஓட்ட வேண்டும். நான்காவது ஞாயிறு முடிவில் தனி ஓட்டம். வண்டியில் அவர் மட்டும்தான். ஐந்து சுற்று, ஆறு நிமிஷத்துக்குள், கோப்பை உடையாமல். முடித்தால் பந்தய அட்டை கிடைக்கும். உடைந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கிளப் செயலாளர் ராஜமாணிக்கம் டெண்டு நிழலில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஜங்ஷன் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். கோபமே வராது. கோபம் வராத மனிதர்கள் சொல்வதைத்தான் தாங்க முடியாது.

“கயலு, இவரு ஒனக்கு மூணாவது ஆளு.”

“தெரியும்ண்ணே.”

“மொத ஆளு திட்டக்குடி வாத்தியாரு. ரெண்டே வாரத்துல முதுகு வலின்னுட்டாரு. ரெண்டாவது சபரீஷு. காதுல பஞ்சு வெச்சிருக்கியான்னு நீ கேட்டதுல ஹெல்மெட்ட இங்கயே போட்டுட்டுப் போயிட்டான். இவரு அடுத்த வாரம் ஒடைச்சார்னா நீ கைடா இருக்க வேணாம். வண்டி மட்டும் ஓட்டு. ஓட்டுறதுல ஒன்ன யாரும் கொற சொல்ல முடியாது. சொல்லிக் குடுக்கறது எல்லாருக்கும் வராது, வுடு.”

அவள் டெண்டை விட்டு வெளியே வந்தாள். பந்தயத்தில் பரிசுக் கோப்பையை ஜெயிப்பது அவளுக்குப் பிடிக்கும், யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் சபரீஷ் ஒரே ஒரு தடவை, தப்பித்தவறி, அந்த வளைவைச் சரியாக எடுத்தான். வண்டி செம்மண்ணில் வழுக்கி, நேராகி, சொன்னபடி கிளம்பியது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த கயல்விழிக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷம், அவளே ஓட்டி வாங்கிய எந்தக் கோப்பையிலும் வரவில்லை. அன்றிரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். அந்த சீட்டை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

ஆனால் சொல்வது ஏன் ஏறவில்லை? அதுதான் புரியவில்லை. விஷயம் சின்னது. கோப்பை வளைவுக்கு இருபது அடி முன்னால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்க வேண்டும். பிரேக்கைத் தொடவே கூடாது, தொட்டால் பின்பக்கம் சுழன்றுவிடும். காலைத் தூக்கினால் வண்டி தானாக முன்னால் அமுங்கும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டு மறுபடி மிதிக்கலாம். இதைத்தான் அவள் ‘வுடுங்க’ என்று சொன்னாள். கிளேஸ் தொட்டியருகே பன்னிரண்டு வருடமாக அவள் சொல்லுகிற சொல் அது. ஒருவர் இடுக்கியால் பீங்கானைப் பிடித்து முக்கியெடுத்துப் பலகைமேல் கொண்டுவருவார், அவள் ‘புடி, புடி… வுடு’ என்பாள், பிடி தளரும். வுடு என்றால் பிடியை விடு. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

புதன்கிழமை அவளுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், கிளம்பத் தயாராக நின்றது தங்கராசுவின் பஸ். வேறு பஸ்ஸில் போகலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

“வாங்கம்மா, வாங்க! ஜன்னலோரம் காலியா இருக்குது. யப்பா, அந்தக் கூடைய மடில வெச்சுக்க, மேடம் ஒக்காரட்டும்.”

பொட்டலில் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திணறுகிற மனிதர் இங்கே வேறு ஆளாக இருந்தார். ஒரு காலைப் படியில் வைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, வாயில் விசிலோடு, ஓடுகிற பஸ்ஸில் தரையில் நிற்பதைவிட உறுதியாக நின்றார். எந்தக் கூடை எந்த ஊரில் இறங்கும் என்று அவருக்கு அத்துப்படி. வளைவு வருவதற்கு முன்பே அவர் உடம்பு தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது. டிரைவர் காலைத் தூக்குவதும் மிதிப்பதும் அவருடைய முழங்காலுக்குத் தெரிந்திருந்தது. கயல்விழி அதைக் கவனித்தாள். ‘இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் எனக்கு மட்டும் ஏன் இப்படி ஓட்டுறாரு’ என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

பாலக்கரையில் ஒரு நீள விசில். பஸ் நின்றது. நாலு பேர் ஏறினார்கள். ஒரு ஆள் டீக்கடையிலிருந்து கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். அவர் படியில் கால் வைத்ததுதான் தாமதம், தங்கராசு இரண்டு குட்டி விசில் அடித்து, பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் தட்டி, முன்பக்கம் பார்த்துக் கத்தினார்.

“வுடுங்கண்ணே! வுடுங்க வுடுங்க வுடுங்க!”

டிரைவர் மிதித்தார். பஸ் உறுமிக்கொண்டு பாய்ந்தது.

கயல்விழி கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். அடக் கடவுளே! அவள் தலையில் அடித்துக்கொண்ட அடியில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். வண்டியை விடு என்றால் ஓட்டு. இருபத்தாறு வருடம், நாளுக்கு நூறு தரம், இந்த மனிதர் வுடுங்க என்று சொன்னபோதெல்லாம் ஒரு டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார். அவள் பொட்டலில் கத்தக் கத்த அவர் இன்னும் மிதித்தார். அவள் பதறிப்போய் இன்னும் கத்தினாள், அவர் அடிவரைக்கும் மிதித்தார். அவர் ஒரு தடவைகூட அவள் பேச்சை மீறவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டதால்தான் மூன்று கோப்பையும் உடைந்திருக்கிறது.

சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். சிரித்து முடித்தபோது சபரீஷ் ஞாபகத்துக்கு வந்தான். காதில் பஞ்சா வைத்திருந்தான் அந்தப் பையன்? அவனும் சொன்னதைக் கேட்டிருப்பான். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

டிக்கெட் கொடுக்க வந்த தங்கராசுவிடம் கேட்டாள்.

“அண்ணே, வுடுங்கன்னா என்னா அர்த்தம்?”

“இதென்ன கேள்வி? வண்டியக் கெளப்புங்கன்னு அர்த்தம்.”

“நான் காலை வுடுங்கன்னு சொன்னேன்ண்ணே. ஆக்ஸிலேட்டர்லேந்து காலை எடுக்கச் சொன்னேன்.”

வாய்க்குக் கொண்டுபோன விசில் தங்கராசுவின் கையிலிருந்து நழுவி, கயிற்றில் தொங்கி ஆடியது. “மூணு வாரமாவா?” என்றார். கூடைக்காரர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும், டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் தங்கராசுவின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

இறங்கும்போது கயல்விழி கேட்டாள். “இந்த வயசுல பந்தயம் எதுக்குண்ணே? நான் கேட்டதே இல்ல.”

“இருபத்தாறு வருஷமா நான் விசிலடிச்சா யாரோ ஒருத்தர் ஓட்டுறாரும்மா. ஒரு தடவையாவது நான் வுடணும்னு இருக்குது. வேற ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க.”

நான்காவது ஞாயிறு. கடைசிப் பயிற்சி. ‘காலை எடுங்க’ என்று சொல்வதாக ஏற்பாடு. கயல்விழி வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். முதல் சுற்றில், கோப்பை கண்முன்னால் பெரிதாக வர வர, அவள் வாயிலிருந்து வந்தது என்ன? “வுடுங்க!” தங்கராசு பாவம், எடுப்பதா மிதிப்பதா என்று குழம்பி, பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு முழு வட்டம் சுற்றி, பொட்டல் நடுவே வந்த வழியைப் பார்த்து நின்றது. கோப்பை தப்பியது, வேறு என்ன சொல்ல.

“மன்னிச்சிருங்கண்ணே. வாயில வரமாட்டேங்குது. அவசரம்னா அந்த வார்த்தைதான் வருது.”

“எனக்கும் கால் அப்படித்தாம்மா.” தங்கராசு சட்டைக்குள் கைவிட்டுக் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றினார். “இந்தாங்க. இத வாயில வெச்சுக்கங்க. ஒண்ணு அடிச்சா கால எடுக்கறேன். ரெண்டு அடிச்சா மிதிக்கறேன். விசில் வாயில இருந்தா வார்த்தை எப்படி வரும்?”

கயல்விழி அதை வாங்கிப் பார்த்தாள். வெண்கல விசில், ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது. சட்டை முனையில் துடைத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த சுற்று. வளைவுக்கு இருபது அடி. ஒரு விசில். கால் எழுந்தது! யோசித்து எழுந்ததில்லை, அதுவாக எழுந்தது. வண்டி முன்னால் அமுங்கியது, ஸ்டீயரிங் திரும்பியது, பின்பக்கம் லேசாக வழுக்கி வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு விசில். வண்டி செம்மண்ணை வாரியிறைத்துக்கொண்டு கிளம்பியது. கயல்விழிக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அவர் எதையாவது மிதித்துவிடுவாரே என்று அடக்கிக்கொண்டு, சீட்டைக் கையால் குத்தினாள். எட்டுச் சுற்று. எட்டிலும் கோப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

டெண்டுக்கு வந்ததும் ராஜமாணிக்கம் விசிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ஒன் வாய அடைக்க இப்படி ஒரு வழி இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே வாங்கிக் குடுத்திருப்பேன்.”

“சிரிங்கண்ணே, நல்லா சிரிங்க. தனி ஓட்டத்துக்குப் பேர எழுதுங்க.”

அங்கேதான் ஒரு சிக்கல். தனி ஓட்டத்தில் கைடு வெளியிலிருந்து சைகை காட்டக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது. விசிலும் கூடாது. சரி, தங்கராசுவே வாயில் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டதற்கு, வண்டி குலுங்கி விழுங்கித் தொலைத்தால் யார் பதில் சொல்வது என்று ராஜமாணிக்கம் மறுத்துவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

தங்கராசுவின் முகம் வாடியது. பெல்ட்டை மாட்டியவர் கையை ஸ்டீயரிங்கில் வைக்கவே இல்லை. “விசில் இல்லாம எப்படிம்மா? பஸ்ஸே நகராதே.”

கயல்விழி ஜன்னலில் குனிந்தாள். இந்த ஐந்து சுற்றில் அவர் அட்டை மட்டுமா இருக்கிறது? அவளுடைய சீட்டும் அதில்தான் இருக்கிறது. ஆனாலும் குரலை இறக்கி, அவளுக்கே பழக்கமில்லாத நிதானத்தில் சொன்னாள்.

“இருபத்தாறு வருஷமா அடிச்ச விசில்ண்ணே. வெளியில கேக்கலன்னா என்ன? ஒங்க காதுக்குள்ள இருக்காதா? நீங்களே டிரைவரு, நீங்களே கண்டக்டரு. போயிட்டு வாங்க.”

கொடி இறங்கியது. வண்டி கிளம்பியது.

கயல்விழி கிளம்பும் கோட்டருகே நின்றாள். விசில் அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. முதல் சுற்றில் கோப்பை வளைவு நெருங்கியபோது அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று. மறு கையால் அதைப் பிடித்து இறக்கினாள். தூரத்தில் வண்டி முன்னால் அமுங்குவது தெரிந்தது. கொஞ்சம் சீக்கிரம்தான், பரவாயில்லை. திரும்பியது. கிளம்பியது. இரண்டாவது சுற்றில் இன்னும் சரியான இடம். மூன்றாவதில் மனிதருக்குத் தைரியம் கூடிவிட்டது. வேகமாக வந்தார், கொஞ்சம் அதிக வேகமாகவே வந்தார். வண்டியின் வால் அகன்று போய் டயர் அடுக்கை உரசியது.

கோப்பை ஆடியது. அந்தப் பக்கம் சாய்ந்தது, இந்தப் பக்கம் சாய்ந்தது. ராஜமாணிக்கமே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கோப்பை நின்றது.

நான்காவது சுற்றில் அவர் அடங்கி வந்தார். ஐந்தாவது சுற்றில் கோப்பை வளைவை நெருங்கும்போது, திறந்த ஜன்னல் வழியே அவர் கத்துவது எல்லோருக்கும் கேட்டது. “பீ…ப்!” என்று நீளமாக ஒன்று. அதற்கப்புறம் வளைவின் மறுபக்கத்திலிருந்து, இன்ஜின் சத்தத்தையும் மீறி, “பீப்! பீப்!” கொடி பிடித்திருந்த பெண் சிரித்த சிரிப்பில் கொடியை உயர்த்த மறந்துவிட்டாள். விசிலை வாயில் வைக்கக் கூடாது என்றுதான் சட்டம். வாயே விசிலானால் அதற்கு ராஜமாணிக்கத்தின் நோட்டில் விதி கிடையாது.

ஐந்து நிமிஷம் நாற்பத்தெட்டு நொடி. வண்டி நிறுத்துமிடக் கட்டத்துக்குள் வந்து நின்றது. கோப்பை அதன் இடத்தில் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

ராஜமாணிக்கம் அட்டையில் பெயரெழுதி, கைடு என்ற இடத்தில் கையெழுத்துப் போடக் கயல்விழியிடம் நீட்டினார். அவள் அவசரமாகக் கிறுக்கியதில் பெயர் கோணிப்போயிற்று. போகட்டும், கழித்துப் போட இது என்ன கோப்பையா?

“அடுத்த வாரம் புது ஆளு ஒருத்தர் வராரு. கைடு வேணும்” என்றார் ராஜமாணிக்கம், நோட்டைப் பார்த்தபடியே. “ஒனக்கே எழுதவா?”

“அவரு இருக்கட்டும்ண்ணே. மொதல்ல சபரீஷ எழுதுங்க. நேத்து நான்தான் போன் போட்டேன். எம்மேலதான் தப்புன்னு சொன்னேன். வரேன்னு சொல்லியிருக்கான்.”

“அவன் என்னா சொன்னான்?”

“வுடுங்கக்கான்னான்.” சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. “அதுக்கு வேற அர்த்தம்.”

அட்டையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினாள். தங்கராசு இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கியிருந்தது. அட்டையை வாங்கி, டிக்கெட் மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எறங்குங்கண்ணே, எல்லாரும் ஒங்களத்தான் பாக்குறாங்க.”

“இல்லம்மா. நீங்க ஏறுங்க. இவ்ளோ வருஷம் நான்தான் எல்லாருக்கும் அடிச்சேன். எனக்குன்னு யாரும் அடிச்சதில்ல. இன்னிக்கு அடிச்சீங்க. இன்னும் ஒரே ஒரு தரம் அடிங்க, ஒரு சுத்து போயிட்டு வந்துருவோம்.”

கயல்விழி சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறினாள். பெல்ட்டை மாட்டினாள். கதவைச் சாத்தி, இரண்டு குட்டி விசில் அடித்து, கதவின் தகரத்தை வெளிப்பக்கம் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

“போலாம், வுடுங்க!”

தங்கராசு மிதித்தார்.